நாசரேத்தும் அப்பு கடையும்

(புனித பர்த்தலமேயு திருநாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பங்கில், அங்குள்ள பங்குத்தந்தை விடுமுறையில் போயிருந்த ஒரு மாதம் நான் மாற்றுப் பணி செய்தேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் குருவானவர் கோவில் வாசலில் நின்று எல்லாரிடமும் கைகுலுக்கி அனுப்புவது அங்கே வழக்கம். முதல் ஞாயிறு, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாக ஆட்டி, ஒரு மாதிரியாக நீட்டி இழுத்த ஆங்கிலத்தில், “நன்றி, மறுபடியும் வாங்க” என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே சிரித்தேன். நல்ல மனிதர் அவர். பிறகு ஒரு நாள் என் அறைக்கே ஆப்பிள் கூடை கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மதியம் ஒரு தமிழ்க் குடும்பம் என்னைச் சாப்பிட அழைத்துப் போனது. அந்த வீட்டுப் பையன் பீடச்சிறுவன், பதினான்கு வயது. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “ஃபாதர், அவர் அப்பு மாதிரி பேசினாரே, நீங்க ஏன் சிரிச்சீங்க?”

அப்பு என்பது நம் ஊரில் செல்லப்பெயர். ஆகவே யாரோ அந்த ஊர்ச் சிறுவனைச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விவரம் தெரிந்தது.

‘தி சிம்ப்ஸன்ஸ்’ என்று ஒரு கார்ட்டூன் தொடர். 1989 டிசம்பரில் தொடங்கி முப்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடுவது. அதில் ஒரு சிற்றூர். அந்த ஊரில் ஒரு மளிகைக் கடை. 1990இல் அந்தக் கடைக்கு ஒரு கடைக்காரர் வந்து சேர்ந்தார். அவர்தான் அப்பு. சத்யஜித் ரேயின் படங்களில் வரும் சிறுவனின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்னால் நஹாஸபீமாபெட்டிலான் என்று ஒரு குடும்பப் பெயர். இந்தியாவில் எந்த மொழியிலும் இல்லாத பெயர் அது! நீளமாகவும் வாய்க்குள் நுழையாததாகவும் இருந்தால் இந்தியப் பெயராகிவிடும் என்று நினைத்திருப்பார்கள் போலும். அந்தக் கடைக்காரர் வாடிக்கையாளரை வழியனுப்பும் வாசகம்தான் கோவில் வாசலில் எனக்குக் கிடைத்தது. குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்ற நடிகர். இந்தியர் அல்ல, நியூயார்க்கில் பிறந்த யூதர். லாஸ் ஏஞ்சலஸில் செவன் இலெவன் போன்ற கடைகளில் கேட்ட குரல்களையும், 1968இல் வந்த ‘தி பார்ட்டி’ என்ற படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் மை பூசிக்கொண்டு இந்தியராக நடித்ததையும் கலந்து அந்த உச்சரிப்பை உருவாக்கினார்.

2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஆந்திராவிலிருந்து போன பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே அந்தத் தொடரின் ரசிகர். அவருடைய முறையீடு சுருக்கமானது: நாங்கள் பள்ளியில் படித்தபோது தொலைக்காட்சியில் எங்களுக்கென்று இருந்த முகம் இது ஒன்றுதான், அதற்கும் குரல் எங்களுடையதல்ல, அந்தக் குரலை வைத்துத்தான் பள்ளி மைதானத்தில் எங்களை அடித்தார்கள். 1990 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் சுமார் 8 லட்சம் பேர். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் போனவர்கள் அவர்களில் ஏராளம். ஆனால் திரையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கடைக்காரர்!

நாடு முழுவதும் வாதம் மூண்டது. எதிர்த்தரப்பு சொன்னதையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும், அது வலுவில்லாத வாதமல்ல. அந்தத் தொடரில் கேலிக்கு உள்ளாகாதவர் யார்? ஸ்காட்லாந்துக்காரர், இத்தாலியர், காவல்துறைத் தலைவர், பக்கத்து வீட்டுப் பக்திமான், பிரசங்கம் செய்தே சபையைத் தூங்கவைக்கும் போதகர் (இந்த இடத்தில் நான் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தேன்), எல்லாரும் உண்டு. அப்பு அவர்களில் நல்லவரும்கூட. உழைப்பாளி, முனைவர் பட்டம் பெற்றவர், புலால் உண்ணாதவர், சாமி கும்பிடுகிறவர், எட்டுக் குழந்தைகளின் தகப்பன். இப்படிப்பட்டவரைக் காட்டினால் அது இனவெறியா என்று கேட்டார்கள். தொடரை உருவாக்கியவரோ, மனம் புண்பட்டதுபோல நடிப்பது இந்நாளில் மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டுப் போனார்.

என்னை நிறுத்தியது வேறொரு பதில். அந்தத் தொடருக்கு எழுதியவர்களில் ஒருவரான டானா கௌல்டு அந்த ஆவணப்படத்திலேயே சொல்கிறார்: சில உச்சரிப்புகள், இயல்பிலேயே, வெள்ளை அமெரிக்கர் காதுக்குச் சிரிப்பாகக் கேட்கின்றன; அவ்வளவுதான். ஒளிவுமறைவில்லாத பதில். அப்பு நல்லவரா, படித்தவரா என்பதெல்லாம் கதை. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வாயைத் திறந்ததும் வருகிறது. அவர் அறிவான வார்த்தை சொன்னாலும் சிரிப்பு, அழுதாலும் சிரிப்பு.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் புனித பர்த்தலமேயு திருநாளில் நாம் வாசிக்கும் நற்செய்தியிலும் ஒரு கேலி இருக்கிறது. யோவான் முதல் அதிகாரம். மெசியாவைக் கண்டோம், அவர் நாசரேத்தூர் இயேசு என்று பிலிப்பு மூச்சிரைக்க வந்து சொல்கிறார். திருச்சபை மரபு பர்த்தலமேயு என்று கருதும் நத்தனியேலோ, அந்த ஊரிலிருந்து நல்லது ஏதாவது வருமா என்கிறார். ஊரைச் சொன்னதுமே ஆளைத் தீர்த்துவிட்டார்.

ஆனால் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் நத்தனியேலின் ஊரையும் சொல்லிவிடுகிறது: கலிலேயாவிலுள்ள கானா. நாசரேத்துக்கு நடந்தே போய்விடலாம். அதாவது அது பக்கத்து ஊர்க்காரர் கேலி. கானாக்காரர் ஒன்று சொன்னால் நாசரேத்துக்காரர் இரண்டு சொல்வார். கிணற்றடியில் தொடங்கிக் கல்யாணப் பந்தியில் முடியும். ஆண்டவரும் கோபப்படவில்லை, இவரிடம் கபடம் இல்லை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். நத்தனியேலும், வந்து பார் என்று பிலிப்பு கூப்பிட்டதும் எழுந்து போனார். அந்த எழுந்து போனதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதே கலிலேயப் பேச்சு இன்னொரு இடத்தில் வருகிறது. தலைமைக் குருவின் வீட்டு முற்றம், இரவு. பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கும்போது, பக்கத்தில் நின்றவர்கள் அவருடைய பேச்சை வைத்தே அவரைக் கண்டுகொண்டதாக மத்தேயு எழுதுகிறார். கலிலேயர்கள் தொண்டையில் பிறக்கும் ஒலிகளைப் பிரித்துச் சொல்லமாட்டார்கள் என்பது எருசலேமில் பழைய பகடி. யூத ரபிகளின் தல்மூதில் ஒரு கதை: கலிலேயர் ஒருவர் கடைத்தெருவில் ஏதோ வாங்கக் கேட்கிறார். முட்டாள் கலிலேயனே, நீ கேட்பது ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சை இரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர் வாயில் நான்கும் ஒரே சொல்லாக விழுகிறதாம். குருமடத்தில் இதைப் படித்தபோது நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். நம் ஆண்டவர் வளர்ந்ததும் அந்தக் கலிலேயாவில்தான், பேசியதும் அந்த ஊர்ப் பேச்சைத்தான் என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

கானாவின் கேலிக்கும் எருசலேம் முற்றத்தின் பேச்சுக்கும் என்ன வேறுபாடு? உச்சரிப்பு ஒன்றேதான். கானாவில் திருப்பிச் சொல்ல முடியும். முற்றத்தில் முடியாது. அங்கே பேதுரு ஒருவர், அவர்கள் பலர். ஊர் அவர்களுடையது, நெருப்பும் அவர்கள் மூட்டியது. அங்கே பேச்சு அடையாளமாகிவிடுகிறது, அடையாளம் ஆபத்தாகிவிடுகிறது. நீதித்தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோர்தான் ஆற்றுத் துறையில் ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, ‘ஷ’ வராமல் ‘ச’ வந்தவர்களையெல்லாம் வெட்டினார்கள். அன்று மடிந்தவர்கள் 42,000 பேர்.

கார்ட்டூனுக்கும் கொலைக்கும் முடிச்சுப் போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். போடவில்லை. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 1987இல், நான் பின்னாளில் பணி செய்த அதே நியூஜெர்சியில், நெற்றிப் பொட்டைக் கேலி செய்து தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல், ஜெர்சி சிட்டியிலிருந்து இந்தியர்களை விரட்டுவோம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பக்கத்து நகரமான ஹோபோக்கனில் ஒரு பார்சி இளைஞரை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்தே கொன்றது. அது நடந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை, அப்பு தன் கடையைத் திறந்தார். எழுதியவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்குமா என்பதல்ல என் கேள்வி. அந்த ஊரில் இரவு பதினொரு மணிக்குக் கடை சாத்தும் ஒரு குஜராத்திக்காரருக்குத் தெரியும் அல்லவா? அவர் கடைக்குள் நாலு பையன்கள் நுழைந்து அந்தக் குரலில் பேசினால், இது கானாவா, முற்றமா என்று அவர்தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது?

புனித தாமஸ் அக்குவினாஸ் சிரிப்புக்கு எதிரி அல்லர். விளையாட்டுப் பேச்சே இல்லாத மனிதர் மற்றவர்களுக்குச் சுமை என்று தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் எழுதுகிறார். நற்செய்தியாளர் யோவான் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு, எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துவிடும் என்று அவர் காட்டிய கதையையும் அங்கே சொல்கிறார். ஆனால் அதே நூலில் ஏளனத்தைப் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு கூர்மையான இடம்: ஒருவருடைய குறையே சிறியது என்று சிரிப்பது வேறு, அந்த ஆளே சிறியவர், ஆகவே அவருக்கு நேர்வது எதுவும் பெரிதல்ல என்று சிரிப்பது வேறு. குழந்தைகளையும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களையும் பார்த்து மனிதர்கள் சிரிப்பதுபோல என்கிறார். இரண்டாவது வகைச் சிரிப்பைத்தான் அவர் கனமான பாவமாக நிறுக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது!

மறுபடி ஹாங்க் அசேரியாவிடம் வருவோம். ஆவணப்படத்துக்குப் பேட்டி தர அவர் மறுத்துவிட்டார். கோபமும் இருந்திருக்கும். 2018 ஏப்ரலில் அந்தத் தொடரே ஒரு பதில் சொன்னது: கதையின் சிறுமி அப்புவின் படத்தைக் காட்டி, அந்தக் காலத்தில் எல்லாரும் கைதட்டியது இன்று தவறு என்றால் என்ன செய்வது என்று தோளைக் குலுக்குவாள். அதே மாதத்தில் ஸ்டீபன் கோல்பேரின் நிகழ்ச்சிக்கு வந்த அசேரியா தோளைக் குலுக்கவில்லை. தம் கண் திறந்துவிட்டது என்றும், ஒதுங்கிக்கொள்ளத் தயார் என்றும், எழுதும் அறைக்குள் இந்தியர்கள் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். 2020 ஜனவரியில், இனி அந்தக் குரலைக் கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

இடையில் என்ன நடந்தது என்பதை 2021இல் ஒரு பேட்டியில் விவரித்தார். பல ஆண்டுகளுக்கு முன் மதுப்பழக்கத்தை விட்டு மீண்டவர் அவர். குடித்துக்கொண்டிருந்த காலமாக இருந்தால் ஒரு ராத்திரியில் ஆத்திரத்தோடு எதையாவது எழுதிப் போட்டிருப்பேன் என்கிறார். மீண்டவர்களின் கூட்டங்களில் கற்ற பழக்கம், வாயை மூடிக்கொண்டு கேட்பது. தான் யாரைக் காயப்படுத்தினோம் என்று கணக்குப் பார்த்து ஈடுசெய்வது. குருக்களாகிய நாங்கள் ஒப்புரவு அருளடையாளத்துக்குத் தயாரிக்கும்போது சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அவர் தம் மகன் படித்த பள்ளிக்குப் போய் அங்குள்ள இந்தியப் பிள்ளைகளிடம் பேசினார். பதினேழு வயதுப் பையன் ஒருவன், அந்தத் தொடரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அப்பு யார் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பெயர் அவனுக்குத் திட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணீர் வர, நீங்கள் செய்வதற்கு விளைவு உண்டு என்று அங்கே எழுதுகிறவர்களிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். அமெரிக்காவில் உள்ள ஒவ்வொரு இந்தியரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது என்று அசேரியா அந்தப் பேட்டியில் சொன்னார். கொண்டபோலுவும் அவரைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். பிறகு இருவரும் வானொலியில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள்.

ஒரு சிறு செய்தி. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தார் அல்லவா? அந்தக் கூட்டத்தில் கோல்பேர் இருந்தார். கொண்டபோலுவின் ஆவணப்படத்தில் பேசிய வூப்பி கோல்ட்பெர்க் இருந்தார். கடவுளைப் பார்த்தும் சிரிக்கலாம், நாம் நேசிப்பவர்களோடு விளையாடுவதுபோல என்று திருத்தந்தை அன்று சொன்னார்.

எனக்கு இதில் ஒரு குறையும் உண்டு. குரல் போன பிறகு அந்தக் கடைக்காரர் என்ன ஆனார்? ஒரு இந்தியரை அழைத்துப் பேசவைத்து, அவருக்கு ஒரு மெய்யான ஊரும் வாய்க்குள் நுழையும் பெயரும் கொடுத்திருக்கலாம். அப்புவை நீக்கிவிடுங்கள் என்று கொண்டபோலு ஒருபோதும் கேட்கவில்லை. ஆனால் தொடரில் அவர் பின்னணியில் வாய் பேசாமல் நிற்கும் உருவமாகிவிட்டார். கேலி நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. இதை மனமாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் இன்று நான் பேச ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பீடச்சிறுவன் காரில் கேட்ட கேள்விக்கு அன்று நான், “விடுப்பா, அவர் அன்பாகத்தான் சொன்னார்” என்றேன். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பதில் அவனுக்காகச் சொன்னதல்ல, எனக்காகச் சொல்லிக்கொண்டது என்பது இரவு படுக்கும்போது தெரிந்தது.

குருமடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவராக, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பழங்குடித் தம்பி இருந்தார். எங்கள் நடுவே அந்தப் பக்கத்துக்காரர் அவர் ஒருவர்தான். தமிழ் அவருக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு அறையில் சமையல்காரரிடம் தட்டை நீட்டி, “அண்ணே, சோறு வருவானா?” என்று கேட்பார். ஆண்டுவிழாவில் நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேடையேறி அவர் நடையில் நடந்து, அவர் குரலில் அதைக் கேட்டேன். அரங்கம் இடிந்து விழும்படி சிரிப்பு. ஆயர் சிரித்தார். அவரும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. அடுத்த நாலைந்து மாதம் எனக்கு அந்த மேடைப் புகழ் இருந்தது. காலைத் திருப்பலியில் வாசகம் வாசிக்க அவர் முறை வரும்போதெல்லாம் வேறு யாரையாவது அனுப்பிவிட்டு, அவர் மெழுகுதிரி ஏற்றும் வேலையை வாங்கிக்கொண்டதை நான் கவனித்தேன். கவனித்தேன், அவ்வளவுதான். அவருடைய தாய்மொழி குருக். அதுவும் திராவிட மொழிக் குடும்பம், நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன்.

போன வாரம் அவருடைய எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். அங்கே ஒரு பங்கில் பங்குத்தந்தையாக இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் விளையாட்டு ஃபாதர், எனக்கு ஞாபகமே இல்லை” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “அண்ணே, சோறு வருவானா?” என்றார். அவர் குரலில் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன் மேடையில் நான் இழுத்த இழுப்பு மாறாமல், நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, என் குரலில் சொன்னார்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, மறுபடி எப்போது வாசகம் வாசிக்கத் தொடங்கினீர்கள் என்று கேட்டேன்.

“குருப்பட்டம் வாங்கிய பிறகுதான் ஃபாதர். அப்புறம் நற்செய்தி வாசிக்க வேற யாரை அனுப்புறது?”